நானூற்றுப் பதிமூன்றாவது வீடு

"ஒரு வீட்டைக் காணோமே!"

புவியியல் பேராசிரியர் திரையில் விரலை வைத்தார். பல்கலைக்கழக நூலகத்தின் கணினி அறையில் இருபது தலைகளும் அந்த விரலையே பார்த்தன.

"சாட்டிலைட் படத்துல கூரை பளிச்சுனு தெரியுது. உங்க வரைபடத்துல அந்த இடம் காலி. நானூத்திப் பன்னிரண்டு வீட்டுக்குப் புள்ளி வச்சிருக்கீங்க, இது மட்டும் எப்படிம்மா தப்பிச்சுது?"

எழுந்து நின்றவள் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள். இருபத்தாறு வருஷமாக அதே தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். ஊருக்கே மீட்டரம்மா.

"விட்டுப்போச்சுங்க," என்றாள்.

பயிற்சி நடத்திய வரைபட நூலகருக்குக் காது சூடேறியது. மீட்டரம்மா அவளைப் பெற்ற அம்மா.

கணினியில் வரைபடம் போடக் கற்றுத்தரும் ஆறு வாரப் பயிற்சி அது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நூலக வாசலில் அறிவிப்பு ஒட்டியதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது அம்மாதான். மவுஸைப் பல்லியைப் பிடிப்பது போலப் பிடித்தவள், நாலாவது வாரத்தில் ஆராய்ச்சி மாணவர்களையே முந்திவிட்டாள். வகுப்பில் மகளை வாய் நிறைய "மேடம்" என்பாள். வீட்டுக்கு வந்ததும், "ஏண்டி மேடம், பாத்திரம் யார் தேய்க்கிறது?" என்பாள்.

அவள் போட்ட வரைபடத்தில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் கதவு எண், எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை எல்லாம் விரியும். அடுத்த வாரம் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறப்போகிறது. அப்புறம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பயிற்சியின் முதல் பரிசு இதற்குத்தான் என்று நடுவரான பேராசிரியரே சொல்லிவைத்திருந்தார்.

இப்போது பேனாவை மூடிவிட்டார்.

"அரைகுறை டேட்டாவுக்குப் பரிசு கொடுக்க முடியாது. என்ன மேடம், அம்மாங்கறதால கண்டுக்காம விட்டுட்டீங்களா?"

அறை சிரித்தது.

"நாளைக்கு நானே நேர்ல போய்ப் பதிஞ்சுட்டு வந்துடறேன் சார்," என்றாள் மகள், கீழே பார்த்துக்கொண்டே.

பேருந்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா விட்டே? எந்த வீட்ல மீட்டர் எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவியே!"

"வயசாகுதில்ல. விடுடி."

"காலையில போய் நான் பதிஞ்சுடறேன். பரிசு உனக்கே வரும்."

"நீ ஒண்ணும் போக வேணாம். எனக்குப் பரிசும் வேணாம்."

"உனக்கு வேணாம், சரிம்மா. அத்தனை பேர் முன்னாடி மானம் போனது எனக்குத்தானே!"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிப் போனதும் மகளும் கிளம்பினாள். கைப்பேசி காட்டிய வழியில், ஒரு சந்தின் கடைசியில் இருந்தது அந்த வீடு. கதவில் எண் இல்லை. பெயர்ப்பலகை இல்லை. அழைப்பு மணிகூட இல்லை. தட்டினாள்.

சங்கிலி போட்ட கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. ஒரு பெண்ணின் பாதி முகம். புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு.

"யாரு?"

"யுனிவர்சிட்டி நூலகத்துல இருந்து வர்றேங்க. வரைபடத்துல உங்க வீடு விட்டுப்போச்சு. எத்தனை பேர் இருக்கீங்கன்னு சொன்னா..."

அந்த முகம் வெளுத்துப்போனது.

"எங்களைப் படத்துல போடப் போறீங்களா? ஐயோ, வேணாம்! போட மாட்டேன்னு மீட்டரக்கா என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனாங்களே!"

கதவிடுக்கு வழியாக மகள் உள்ளே பார்த்தாள். தரையில் வரிசையாகச் செருப்புகள். பெண்களுடையவை. பக்கத்தில் சின்னச் சின்னதாகக் குழந்தைகளுடையவை. ஆண் செருப்பு ஒன்றுகூட இல்லை.

"என் வீட்டுக்காரன் ஆறு மாசமா என்னைத் தேடிட்டு இருக்கான். கையில கிடைச்சா கொன்னே போட்டுடுவான். இங்க இருக்கிற எல்லாருக்கும் இதே கதிதாங்க. பதினோரு பொம்பளைங்க, ஒன்பது பிள்ளைங்க, ஆம்பளைன்னு ஒருத்தர் இல்லைன்னு ஒரு புள்ளியைப் போட்டுட்டா, தேடறவனுக்கு வேற என்ன அடையாளம் வேணும்?"

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. இருபது பேர் முன்னால் அம்மா வாயைத் திறந்து காரணம் சொல்லியிருந்தால், அதுவே இந்த வீட்டைக் காட்டிக் கொடுத்திருக்கும். பெற்ற மகளிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

கைப்பேசியில் பதிவாகியிருந்த இடத்தை, அந்தப் பெண் பார்க்கும்படி நீட்டிப் பிடித்து அழித்தாள்.

"பயப்படாதீங்க அக்கா. நான் மீட்டரம்மா பொண்ணு."

சங்கிலி கழன்றது. "உள்ள வாம்மா," என்றது குரல்.

மதியம் நூலகத்தில் பேராசிரியர் காத்திருந்தார். வகுப்பே கூடியிருந்தது. பின் வரிசையில் அம்மா.

"என்ன மேடம், புள்ளி வச்சாச்சா?"

"சுத்திச் சுத்தித் தேடினேன் சார். எனக்கும் அந்த வீடு கிடைக்கலை."

அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியாப்போச்சு! அப்ப இருக்கறபடியே ஏத்திடுங்க. பரிசு கிடையாது," என்று உதட்டைப் பிதுக்கினார் பேராசிரியர். "அம்மா எப்படியோ, பொண்ணும் அப்படியே!"

அறை மறுபடி சிரித்தது.

"ரொம்ப நன்றி சார்," என்றாள் மகள், தலை நிமிர்ந்து.