ஒரு சொல்லுக்குத் தடை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: 'இல்லை' என்னும் சொல் இன்று காலை முதல் இந்தப் படகுத்துறையில் அடியோடு தடைசெய்யப்படுகிறது. மீறி உச்சரிப்பவர் எவராயினும், அந்த இடத்திலேயே அணியிலிருந்து நீக்கப்படுவார்.

அறிவிப்பை ஒலிபெருக்கியில் வாசித்து முடித்த கஜேந்திரன், பலத்த கைதட்டலை எதிர்பார்த்தார். எதிரே நின்றது மூன்றே பேர். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மூன்று பேருக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று அவரிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கு உண்டு?

கஜேந்திரன் கொழும்பில் பெயர் பெற்றவர். பாய்மரப் படகோட்டிகளுக்கு மனவலிமை ஊட்டுவது அவர் தொழில். ஹட்டனுக்கு அப்பால், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் நீர்த்தேக்கத்தின் அணிக்கு மூன்று மாதமாகக் கைபேசியிலேயே பாடம் நடத்தியிருந்தார். கண்ணை மூடு, காற்றை நினை, கோப்பையைத் தூக்கு!

"சிக்னல் இல்ல சேர்" என்று சொன்ன குற்றத்துக்காக லோஜன் ஒருமுறை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கியெறியப்பட்டான். "சிக்னல் லீவுல போயிருக்கு சேர்" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் திரும்பச் சேர்க்கப்பட்டான்.

இன்று தேசிய அணிக்கான தேர்வுக் குழு வருகிறது. ஓட்டம் நன்றாக அமைந்தால், சுக்கான் பிடிக்கும் பிரேமினிக்கு அந்த அணியில் இடம். கஜேந்திரனுக்குப் பயிற்றுநர் பதவி. அதனால்தான் விடிவதற்குள் முதல் தடவையாக இங்கே காரில் வந்து இறங்கியிருந்தார். பனிமூட்டம் படகுத்துறையின் விளிம்புவரை வந்து அடைத்து நின்றது. அந்த வெள்ளைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறுத்தார்.

"என்ன மூஞ்சி இது?" என்று சீறினார். "ஜெயிக்கப் போறவங்க மூஞ்சியா? சிரிங்க!"

மூவரும் பல்லைக் காட்டினார்கள். பிரேமினியுடையது சிரிக்கிற பல்லா, கடிக்கிற பல்லா என்பது சந்தேகம்தான்.

தள்ளுவண்டியில் நின்ற படகுக்குள் மூவரையும் ஏற்றி உட்கார வைத்தார். "கண்ண மூடுங்க. அலை வருது, வலப்பக்கம் சாய்ங்க! டேம் முழுக்கத் தெரியுதா?"

"கண்ண மூடுனாத்தான் நல்லா தெரியுது சேர்," என்றான் லோஜன்.

"அற்புதம்! அதுதான் வெற்றி மனம்."

பிரேமினி கண்ணைத் திறந்தாள். விரல் கிழியக் கிழியப் பாய் தைத்து, மூன்று மாதம் இந்த நாளுக்காக உழைத்தவள். "சேர், ஒன்னு சொல்லணுங்க."

"முறைப்பாடா?"

"நெலவரம் சேர்."

"நெலவரம்ங்கிறது முறைப்பாட்டோட செல்லப் பேரு. ஒரு வார்த்தை பேசுன, சுக்கான் வேற ஆள் கைக்குப் போயிரும்!"

லோஜன் தொண்டையைக் கனைத்தான். "தண்ணி வந்து சேர்..."

"தண்ணிய பத்தி நெனைக்காதே!" ஒலிபெருக்கி அலறியது. "தோக்குறவன் தண்ணிய பாப்பான். ஜெயிக்கிறவன் எல்லைக் கோட்ட பாப்பான். பயமா இருந்தா எறங்கி வீட்டுக்குப் போ!"

பக்கத்தில் இருந்த நிஷாந்தி அவன் காலை மிதித்தாள். லோஜன் விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்ந்தான்.

அந்த நேரம் பார்த்து, தேங்காய் பழத் தட்டோடு வேலாயி வந்தாள். பிரேமினியின் சித்தி.

"என்னாடி, பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் குடுக்கிற மாதிரி காலங்காத்தால கூடியிருக்கீங்க? முங்கிக் கெடந்த பழைய கோயிலுக்கு வரலியா? நாலஞ்சு வருசம் கழிச்சு ஆத்தா மொகங் காட்டியிருக்கா."

"வர்றேன் சித்தி. இது முடியட்டும்."

"இது எங்கடி ஆரம்பிக்கிறது, முடியிறதுக்கு?" கஜேந்திரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படகுத்துறைப் படிகளில் செருப்பு 'சடக் சடக்'கென்று அடிக்க இறங்கிப் பனிக்குள் மறைந்தாள்.

கஜேந்திரனுக்கு ரத்தம் கொதித்தது. பயிற்சி நேரத்தில் பூசைக்கு அழைப்பா! மனதை நம்புகிறவனுக்குக் கோயில் எதற்கு? அவர் காரின் முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கியது வேறு விஷயம்.

மேல் ரோட்டில் வேன் வந்து நின்றது. தேர்வுக் குழு.

"எல்லாரும் எறங்குங்க! படகத் தள்ளிக் கீழ எறக்குங்க!"

மூவரும் படகைவிட்டு இறங்கினார்கள். தள்ளுவதற்கு ஒரு கைகூட நீளக் காணோம்.

"எங்க சேர் எறக்குறது?" என்றான் லோஜன்.

"கேள்வி கேக்காதே!" குழுவினர் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. கஜேந்திரனின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. "என்னை அவமானப்படுத்தணும்னே நிக்கிறீங்களா? ஒவ்வொன்னா கேக்குறேன், பதில் சொல்லு. படகு?"

"இருக்கு சேர்," என்றாள் பிரேமினி, பல்லைக் கடித்தபடி.

"பாய்?"

"இருக்கு. நாந்தான் தச்சேன்."

"சுக்கான்?"

"இந்தா, என் கையில இருக்கு."

"காத்து?"

"இப்பத்தான் எழும்புது."

உண்மைதான். கன்னத்தில் குளிர் உரச, பனித்திரை கிழியத் தொடங்கியிருந்தது.

"வெறி? மனசுல வெறி இருக்கா?"

"அது நெறையவே இருக்கு சேர்." அவள் பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்வாங்கினார்.

"அப்ப வேற என்னதான்டி இல்ல?"

ஒலிபெருக்கி வாயருகில் இருந்ததை மறந்துவிட்டார். தடைசெய்யப்பட்ட சொல், தடைசெய்தவரின் வாயிலிருந்தே புறப்பட்டு, மலைக்கு மலை மோதித் திரும்பி வந்தது: இல்ல... இல்ல... இல்ல...

தேர்வுக் குழு அப்படியே நின்றது. பிரேமினி சுக்கானைப் பலகைமேல் வைத்தாள்.

"தண்ணி, சேர்."