மஞ்சள் மொய்க்கும் இடம்

அவளுக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு நாள் நீலச் சட்டையில் தனியாகக் கிளம்பிப்போன கணவனை, மூன்றாவது நாளாக ஓடைக்கரையில் தேடுகிறாள். காட்டில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு இருவருக்கும் வேலை. அவன் பார்த்துச் சொல்வான், இவள் எழுதுவாள். முன்னால் நடக்கும் வனக்காவலர் நிற்கிறார். “அங்க பாருங்கம்மா, பாறைக்குக் கீழ மஞ்சப் பூ கொட்டிக் கிடக்கு.” பைனாகுலரைக் கண்ணில் வைக்கிறாள். பூக்கள் மூடித் திறக்கின்றன. சிறகோரம் கறுப்புக் கரை, கூட்டத்தின் நடுநடுவே ஆரஞ்சு நிறத்தவை. இப்படி ஒட்டி உரசி மொய்ப்பது தேனுக்கல்ல, உப்புக்கு. ஈரமண்ணில் மொய்க்கும், வியர்வையில் மொய்க்கும், ரத்தத்திலும். கூட்டம் சற்றே எழுந்து அமரும் நொடியில் நீலச் சட்டைக் கை தெரிகிறது. “என்ன பூம்மா அது?” “நீங்க போய்ப் பாருங்கண்ணே,” என்றபடி நோட்டைத் திறக்கிறாள். மஞ்சள் அறுபதுக்கு மேல், ஆரஞ்சு ஐந்து. சொல்ல ஆளில்லாமல் அவளே எண்ணி எழுதுவது இதுதான் முதல் தடவை.