நாலாயிரம் மேற்கோள்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, புற்றுநோய் ஆராய்ச்சிக்காரி ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

அவளுடைய ஆய்வகத்தை மூடுவதா, தொடர்ந்து நடத்துவதா என்று அன்றைக்குத்தான் முடிவு வர வேண்டும். வீட்டிலோ வேறு சண்டை.

“நேத்து வாசக்கதவைப் பூட்டாமப் போனது நீதான்,” என்றான் தையல்காரக் கணவன்.

“நானா? நான் தப்பே பண்ண மாட்டேன்!”

அதற்குள் கடிதம் வந்தது. பிரித்தவள் துள்ளினாள்.

“ஆய்வகம் தப்பிச்சுதுங்க! என் கட்டுரை ஒண்ணை நாலாயிரம் பேர் அவங்க கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்காங்களாம், அதனாலதான்!”

“பரிசு வாங்கினியே, அதுவா?”

“அதை ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கலை.”

“அப்ப எது?”

அவள் குரல் இறங்கியது. “ஒன்பது வருஷமா நுரையீரல் புற்றுச் செல்லுன்னு நான் ஆராய்ஞ்சது, பக்கத்துல செல்லு வளர்க்கிற தட்டுலேருந்து தவறிக் கலந்த குடல் புற்றுச் செல்லு. தப்பு என்னோடதுதான்னு எழுதினேனே, அது. படிச்சவங்க எல்லாம் அவங்கவங்க செல்லைச் சோதிச்சுப் பார்த்தாங்களாம்.”

கணவன் ஊசியைக் கீழே வைத்தான். “உலகத்துக்கே ஒத்துக்கிட்டே. அப்ப அந்தக் கதவு?”

“சரி... நான்தான்.”

“அதையும் எழுத்துல குடு. ஆயுசு பூரா நான் மேற்கோள் காட்டணும்!”

தப்பை ஒத்துக்கொள்ளும் வாய்க்கெல்லாம் உங்கள் வீட்டில் சர்க்கரை கிடைக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.