கேமுக்குச் சொந்தக்காரர்

டெனிஸின் முகம் வாடியிருந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் கூட்டத்தில் முட்டி மோதி ரயில் பிடிக்கும் கேம் ஒன்றை அவன் தினமும் தன் சேனலில் விளையாடி, லைவாகக் காட்டுவான். இப்போது ஏதோ ஒரு கம்பெனி, அந்த கேம் தன்னுடையது என்று காப்பிரைட் புகார் கொடுத்து, அவன் வீடியோக்களை முடக்கிவிட்டது.

"அடுத்தவன் பொருளை எடுத்துப் போட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் அப்பா ஆபேல்.

"விளையாடறதும் பேசறதும் நான்தானேப்பா? இதை நிஜமா பண்ணவர் பேர் போடாம ரிலீஸ் பண்ணியிருக்கார். கேம்ல இருந்த ஐடிக்கு மெயில் போட்டிருக்கேன். அவர் வந்து சொன்னாதான் என் சேனல் தப்பிக்கும்."

அடுத்த வாரம் டெனிஸ் துள்ளிக் குதித்தான். "அப்பா! அவர் ஒரிஜினல் கோடைக் காட்டி நிரூபிச்சுட்டார். கம்பெனி புகாரை வாபஸ் வாங்கிடுச்சு! யார் வேணா விளையாடிக் காட்டலாம்னு எனக்கு பதிலும் போட்டிருக்கார்."

"பெரிய மனுஷன்டா!"

"மனுஷன் இல்லைங்க, மனுஷி" என்று சிரித்தாள், ஸ்கூலில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த அம்மா அமலராணி.

ஆபேல் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா... நீயா? ஏம்மா சொல்லலை?" என்றான் டெனிஸ்.

"அம்மா பண்ணதுன்னு தெரிஞ்சா சும்மாவாவது நல்லா இருக்குன்னு சொல்லுவே. நிஜமாவே பிடிச்சிருக்கான்னு எனக்குத் தெரியணுமில்ல?"

டெனிஸ் லைவை ஆன் செய்து, அம்மாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தான்.

"மக்களே, இந்த கேமைப் பண்ணவங்க வந்திருக்காங்க" என்றவன் அவள் தோளில் கை போட்டான். "எங்கம்மா!"