நாலு ஊக்கு

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. திருச்சி. மூத்தோர் தடகளப் போட்டி, பெண்கள் ஐயாயிரம் மீட்டர். ஐம்பதைத் தாண்டியவர்களையும் அறுபதைத் தாண்டியவர்களையும் சேர்த்தே ஓடவிட்டார்கள். மொத்தம் பதினொரு பேர்.

அவளுக்கு அறுபத்து நான்கு.

வளையலில் தொங்கிய நாலு ஊக்குகளையும் கழற்றினாள். 214 என்ற எண்ணை நெஞ்சில் குத்திக்கொண்டாள்.

பையில் பட்டுப்புடவை இருந்தது. கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம் என்று கரூரில் மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இடது முட்டியில் உறை. உறைக்குள் வீக்கம்.

போன மாதம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார். "நடக்கறதுக்காச்சும் முட்டி வேணுமில்லைங்களா?"

வேணும் என்றுதான் பதில் சொன்னாள்.

கோட்டில் அவள் பக்கத்தில் ரோஸ்லின் நின்றாள். நாகர்கோவில்காரி. முப்பத்தைந்து வருஷமாக இவள் முதுகைப் பார்த்தே ஓடியவள்.

"முட்டு எப்பிடிட்டி இருக்கு?"

"உன்னை மாதிரி. சொன்னா கேக்காது."

துப்பாக்கி வெடித்தது.

ரயில்வே அணியில் ஓடிய காலத்திலிருந்து அவள் சுற்றுகளை எண்ணியதில்லை. எண்ணினால் தூரம் கூடிவிடும். கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள். முன்னால் ஓடுபவருக்காக அடிப்பார்கள். அந்த நாட்களில் முன்னால் ஓடுபவள் எப்போதும் அவளாகவே இருந்தாள். மணி கேட்டால் பாய வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த முட்டியில் ஒரு பாய்ச்சல்தான் மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். அதை மணிக்காக எடுத்து வைத்திருந்தாள்.

நடுவில் மஞ்சள் பனியன் போட்ட ஒருத்தி தாண்டிப் போனாள். ஐம்பத்திரண்டு வயது இருக்கும். போகட்டும் என்று விட்டாள். ரோஸ்லின் முப்பதடி முன்னால் இருந்தாள். அந்த முதுகு மட்டும் போதும்.

மணி அடித்தது.

தலைக்கு முன்பே கால்களுக்குக் கேட்டுவிட்டது.

முட்டி பேசாமல் இருந்தது. காற்று காதில் இரைந்தது. இருபத்தாறு வயதில் கேட்ட அதே இரைச்சல். வளைவில் ரோஸ்லினைத் தாண்டினாள். தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதும் பார்த்ததில்லை.

கோட்டைக் கடந்தாள்.

நின்றாள். குனிந்து மூச்சு வாங்கினாள். சிரிப்பு வந்தது.

ரோஸ்லின் நிற்காமல் அவளைக் கடந்து போனாள்.

"ஏட்டி, மணி ஒனக்கில்ல. இன்னும் ஒரு சுத்து கெடக்கு!"

புல்லில் மஞ்சள் பனியன்காரி உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது அந்த மஞ்சள் பனியன்காரிக்குத்தான். ஒரு முழுச் சுற்று முன்னால் ஓடியிருக்கிறாள்.

நானூறு மீட்டர்.

நின்றதும் முட்டி விழித்துக்கொண்டது.

"போதும்மா, வந்து உக்காருங்க," என்றார் மேசையில் இருந்த நடுவர்.

"முடிச்சிடறேன் சார்."

முதல் வளைவில் உள்ளே ஏதோ நழுவியது. அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. எதிர்ப்பக்கம் அடுத்த போட்டிக்குத் தடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்வரிசையை மட்டும் அவளுக்காகக் காலியாக விட்டார்கள். இடது காலை இழுத்து வைத்தாள். அதை ஓட்டம் என்று அவள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனாலும் நடக்கவில்லை.

அறுபதுக்கு மேல்: நாலாவது இடம். முப்பத்தாறு நிமிடம், பதினெட்டு வினாடி.

ஊக்குகளை வளையலில் திரும்ப மாட்டினாள். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"கல்யாணம் எப்படிம்மா?" வீட்டில் மகள் கேட்டாள்.

"சாம்பார்ல உப்பு தூக்கல். மண்டபப் படியில வழுக்கிட்டேன்."

மார்ச் 6, புதன்கிழமை. முட்டி மாற்று அறுவை சிகிச்சை.

"நகையெல்லாம் கழட்டிடுங்கம்மா," என்றாள் நர்ஸ்.

வளையலை மகள் வாங்கிக்கொண்டாள். அதில் தொங்கிய ஊக்குகளைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள்.

214. மூலைகளில் எட்டு ஓட்டை.

"பட்டுப்புடவையை இஸ்திரிக்கு எடுத்தேன், உள்ள இருந்துச்சு. எந்தக் கல்யாணத்துலம்மா நெஞ்சுல நம்பர் குத்தி அனுப்புறாங்க?"



சக்கரப் படுக்கை நகர்ந்தது. மகளும் கூடவே வந்தாள். கதவு வரைக்கும் அம்மாவின் கையை விடவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். நடக்கலாம் என்றார். படியேறலாம், கோயிலுக்குப் போகலாம். ஓடக் கூடாது. அதை மகளைப் பார்த்துச் சொன்னார். மகள் தலையாட்டினாள்.

அவர் போனதும் மகள் வளையலை அவள் கையில் மாட்டிவிட்டாள்.

ஊக்குகள் இல்லை.

வளையலை அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

மகள் காப்பி வாங்கக் கீழே போயிருந்தபோது, காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸைக் கூப்பிட்டாள்.

"ஒரு ஊக்கு கிடைக்குமா கண்ணு?"

"எதுக்கும்மா?"

"நைட்டிக்கு."

நர்ஸ் தன் சட்டைப் பையில் துழாவி ஒன்றைக் கொடுத்தாள்.

மாலையில் வேறொரு நர்ஸ் வந்தாள். அவளிடமும் கேட்டாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வளையலில் நாலு ஊக்கு இருந்தது.