வரம்பு மீறிய வருமானம்

கல்வி உதவித்தொகை கேட்ட மூன்றாவது இடமும் கையை விரித்துவிட்டது. மூன்று இடத்திலும் ஒரே காரணம்: குடும்ப வருமானம் வரம்பை மீறுகிறது.

மகளின் மண்டையை அது குடைந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். நாள் முழுக்க மேலே போய்வந்தாலும் அவர் சம்பளம் தரைத்தளத்தைத் தாண்டியதில்லை.

"அப்பா, ஃபாரத்துல சம்பளம் எவ்வளவுன்னு போட்டீங்க? ஒரு சைபர் கூடிப்போச்சா?"

"சேச்சே, கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன்."

அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு மடங்கா போட்டேன்."

"ஐயோ! எதுக்குப்பா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன். பாதியை ஆபீஸ்லயே பிடிச்சுக்கறாங்கன்னு இத்தனை வருஷமா சமாளிச்சிட்டேன். ஃபாரம் எழுதும்போது அவ பக்கத்துலயே உக்காந்திருந்தாளே!"

மிக்ஸி எப்போது நின்றதென்று இருவருக்கும் தெரியவில்லை. அம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"முதல் மாசமே தெரியும்" என்றாள் அம்மா. "சொல்லும்போது உங்க முகத்துல அவ்வளவு பெருமை. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"அப்போ..." என்று இழுத்தார் அப்பா.

"பொழுதுபோகாமலா ஊராருக்கெல்லாம் துணி தைக்கிறேன்? நீங்க சொன்னதுல குறைஞ்ச பாதியை மாசாமாசம் நான் சம்பாதிச்சு பேங்க்ல போட்டேன். இவ ஃபீஸுக்கு அது போதும்."

மகள் மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்போ மூணு இடத்துலயும் சரியாத்தான்மா சொல்லியிருக்காங்க!"