மீனைப் பிடிக்க ஒரு ஆள்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். காப்பி கலக்கிக் குடித்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்து மீன்களுக்குத் தவிடு தூவினேன்.

மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை.

ஏழு மணிக்கு, காஜா பேராங் தெரு முனையில் துணிக்கடை வைத்திருக்கும் அலாவுதீன் வாளியோடு வந்தார். வாளியில் அவர் வளர்க்கும் பெரிய திலாப்பியா மீன். உதட்டோரம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. நான்கு நாளாக இரை எடுக்கவில்லையாம்.

“உங்க மீனுக்கு அறுத்துச் சரியாக்குனீங்களாமே, மாஸ்டர். இதையும் கொஞ்சம் பாருங்க. நாலு வருசமா வளக்குறேன்.”

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பஞ்சு போல வந்தால் பூஞ்சை. உப்புத் தண்ணீர் போதும். வரவில்லை. சதை வளர்ச்சி. அறுக்க வேண்டும்.

ஈரத் துணியில் சுற்றி அவரே பிடித்துக்கொண்டார். பிளேடை வைத்தேன். கட்டி வந்துவிட்டது. காயத்துக்குப் போடும் டிஞ்சர் சீசாவைத் திறந்தேன்.

மீன் துள்ளியது. முதுகு முள் அவர் கட்டைவிரலில் ஏறியது.

ஒரு சொட்டு ரத்தம்.

மீன் சிமெண்டுத் தரையில் விழுந்து அடித்துக்கொண்டது. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, சீசாவில் இருந்த டிஞ்சர் முழுவதையும் அவர் விரலில் கவிழ்த்தேன்.

“அட, மீனு சாவுது மாஸ்டர்! எனக்கு ஊத்துறீங்களே!”

“ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. ஊசி போடணும். இப்பவே.”

“மீன் முள்ளுக்கு ஊசியா?” சிரித்தார். நான் அவர் மணிக்கட்டை விடாததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

என் மனைவி பாக்கியலட்சுமி ஜன்னி கண்டு இறந்தாள் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். டாக்டர் சொன்னது ரணஜன்னி, டெட்டனஸ். எந்த ரணம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலையில், என் மீனுக்கு அறுத்த அன்று, பிடித்துக்கொண்டவள் அவள்தான். முள் குத்தியது. விரலை என்னிடம் நீட்டினாள். சீசாவின் அடியில் டிஞ்சர் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மீனுக்குத் தடவினேன்.

எட்டாம் நாள் மதியம் பள்ளியிலிருந்து வந்தபோது அவள் வாய் பூட்டிக்கொண்டிருந்தது. பிறகு மூன்று நாள் உயிர் இருந்தது. பேச்சு இல்லை.

“கடைசியாக உங்களைத்தான் கேட்டாள்” என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த எட்டாம் நாள் காலை, கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னது இதுதான்:

“கொட்டாவி விட்டேன், தாடை புடிச்சிக்கிச்சு. நீங்க ஸ்கூலுக்குக் கெளம்புங்க.”